கோலை விட்டு வெளியே வருபவர்

வெயில்ல நிக்காதீங்கக்கா, இப்படி வாசப்படியில வந்து உக்காருங்க. இந்தப் பக்கம் நிழல் இருக்கு. கொஞ்சம் சுவரோட ஒட்டி உக்காந்துக்கிடுங்க, இவரு வந்தா கவனிக்காம உங்க கால்ல இடிச்சிருவாரு. தண்ணிதானே, அந்தா செம்புல இருக்கு, நீங்களே எடுத்துப் பையனுக்கும் குடுங்க. என் கை நெத்திலிக் கை, நாத்தம் லேசுல போவாது. திருவிழாவுக்கு விருந்துக்காரங்க வருவாங்கன்னு மாமி ஒரு சட்டி நிறைய வாங்கி என் முன்னால வச்சிட்டு, பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போயாச்சு. தலையக் கிள்ளி, குடல இழுத்து, சட்டியில போட்டு, அடுத்தத எடுக்க வேண்டியதுதான். பேசிக்கிட்டே கிள்ளலாம். பேசாமக் கிள்ளினா இன்னைக்கு எனக்கு வேலை ஓடாது.

பையன் சட்டை நல்லா இருக்குக்கா. நல்ல மஞ்சள். திருவிழாவுக்கு எடுத்ததா? ஒளிஞ்சிக்கிடுதான் பாருங்க, என்னைய மாதிரி கூச்சக்காரன் போல. என் மக உள்ள தொட்டில்ல தூங்குதா. முழிச்சா இவன்கூட விளையாடுவா.

நான் பேசுறவ இல்லக்கா, நம்ப மாட்டீங்க. அஞ்சாப்போட படிப்ப நிறுத்தியாச்சு. தம்பி பிறந்தான், அவன இடுப்புல வச்சிக்கிட ஆள் வேணும், நான்தான் ஆள். இந்த ஊருக்குக் கட்டி வந்த பிறகும் குழாயடியில என் முறை வந்தாத்தான் வாயத் திறப்பேன். அதுவும் "கொஞ்சம் வழி விடுங்க"ன்னு கேக்க. உங்ககிட்ட இப்படிப் பேசுறதுக்குக் காரணம் நீங்க வெளியூரு. சப்பரம் பாத்துட்டு ராத்திரி பஸ்ஸப் பிடிச்சிருவீங்க. நாகர்கோவில் பக்கம்னுதானே சொன்னீங்க? சொல்லலையா? செருப்பப் பாத்தேன், நல்ல செருப்பா இருந்துச்சு, அதான் நினைச்சிக்கிட்டேன்.

என்ன கேட்டீங்க? ஆமா. இதுதான். கோணக்கழுத்துக் கோலி வீடு இதுதான். பஸ்ல பேசிக்கிட்டாங்களா? பஸ்ல கூடவா. கேட்டீங்களா, இதான் இப்போ எங்க வீட்டு முகவரி. கிளிட்டஸ்னு ஒரு நல்ல பேரு இருக்கு அவருக்கு. ஞானஸ்நானம் குடுத்து வச்ச பேரு.

பஸ்ல என்ன பேசியிருப்பாங்கன்னு நீங்க சொல்ல வேண்டாம். எனக்கு மனப்பாடம். ஆனா மறுபக்கமும் ஒண்ணு இருக்குல்லா. அதை யாரு சொல்லுதா? இவரு சொல்ல மாட்டாரு, சிரிச்சிட்டுப் போயிருவாரு. நான் சொன்னா யாரு கேக்கா?

முதல்ல விஷயத்தைச் சொல்லிருதேன். எங்க ஏழுபனைத்துறைக்கும் அடுத்த வடக்குமுனைக்கும் ஒரே கோயில்தான், மிக்கேல் சம்மனசு, அதான் தேவதூதரு, அவரு கோயில். நடுவுல ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க. சப்பரம் கோயில விட்டு இறங்கும்போது முதல் தோள் யாரு குடுக்கதுன்னு அந்தக் காலத்துல வெட்டுக்குத்தாம். ஒரு சாமியாரு வந்து அருவாளையெல்லாம் வாங்கிக் கெணத்துல போட்டுட்டு, கையில ஒரு கால்பந்தக் குடுத்தாராம். ஜெயிக்கவன் தோள் குடு, தோக்கவன் பின்னால மெழுகுதிரி பிடிச்சிட்டு வான்னு. அன்னையிலிருந்து அதான் நடக்கு. இப்போ சுத்துப்பட்டு ஊரெல்லாம் ஆட வரும், ஆனா தோள் எங்க ரெண்டு ஊருல முன்னால போறவனுக்குத்தான். நான் இங்க வாழ வந்த பிறகு எங்க ஊரு ஒரு தடவை கூடத் தோள் குடுத்துப் பாத்ததில்ல. மெழுகுதிரிதான். எங்க ஆம்பிளைங்க அந்த மெழுகுதிரியப் பிடிச்சிருப்பாங்க பாருங்க, செத்த எலிய வாலப் பிடிச்சுத் தூக்குன மாதிரி. முகத்த எங்கயோ வச்சிக்கிட்டு.

இந்த வருஷம் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்தாச்சு. இன்னைக்குச் சாயங்காலம். கோலைக் காக்கது இவரு.

கோலின்னா ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நிக்கணும். அது எனக்கே தெரியும். இவரு நிக்க மாட்டாரு. பந்து அங்க நடுக்கோட்டுல உருளும்போதே இவரு பெட்டிக்கோட்ட விட்டு வெளிய வந்து நிப்பாரு. அதுவும் நேரா நிக்க மாட்டாரு. தோள ஒரு பக்கம் தள்ளி, கழுத்தச் சாய்ச்சு, கோழி ஒத்தக் கண்ணால தானியம் பாக்குமே, அப்படி. எதிராளி வந்தான்னா காத்துக்கிட்டு இருக்க மாட்டாரு, பாய்ஞ்சு அவன் காலடியிலயே விழுந்து எடுப்பாரு. எடுத்த பந்த உதைக்கவும் மாட்டாரு. மத்த கோலியெல்லாம் தூக்கிப் போட்டு ஓங்கி ஒரு உதை விடுவான், பந்து தென்னைக்கு மேல போகும், சனம் கத்தும். இவரு கையால எறிவாரு. வலை வீசும்போது இடுப்ப ஒரு திருப்புத் திருப்புவாங்கல்லா, அந்தத் திருப்பு. பந்து தரைய ஒட்டிப் போய் வலப்பக்கம் ஓடுத ஜெரோமோட கால்ல ஒட்டிக்கிடும். அரையிறுதியில ரெண்டு கோலும் அப்படி எறிஞ்ச பந்துலதான் விழுந்துச்சு. போட்டது ஜெரோம்னு மாலை போட்டாங்க. எறிஞ்சவருக்கு என்ன போட்டாங்க தெரியுமா? அந்தா, அந்தக் கூரையப் பாருங்க. புது ஓடு ஒண்ணு தனியாச் சிவப்பாத் தெரியுதுல்லா. கல்லு போட்டாங்க.

ஏன்னா ஒரு கோல் வாங்கிட்டாரு. வெளிய வந்து நின்னாரு, எவனோ அவரு தலைக்கு மேல தூக்கிப் போட்டுட்டான், காலிக் கோலுக்குள்ள பந்து பைய உருண்டு போச்சாம். ஜெயிச்ச ஆட்டம்தான். ஆனாலும் கல்லு.

நான் மைதானத்துக்குப் போறதில்லக்கா. இங்க பொம்பளைங்க போவாங்க, சத்தம் போடுவாங்க. எனக்கு முடியாது. ஆனா போகாமலே எல்லாம் கேக்கும். மைக்செட்டுக் குழாயக் கட்டியிருக்காங்க பாருங்க, பனைமரத்துல, எங்க வீட்டப் பாத்து வாயத் திறந்துக்கிட்டு. மைக்குல அல்போன்ஸ் அண்ணன். "கோலி கிளம்பிட்டாரு, கோலி கிளம்பிட்டாரு, மாமியா வீட்டுக்குப் போறாரோ, திரும்பி வர டிக்கெட் எடுத்தாரோ"ன்னு ராகம் போட்டுச் சொல்லும்போது இங்க நான் கதவச் சாத்திக்கிடுவேன். மறுநாள் குழாயடியில, "ஏட்டி ரெஜிலா, ஒன் மாப்பிள கோலியா, கண்டக்டரா? முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் ஓடிக்கிட்டே இருக்காரு"ம்பாங்க. சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். வேற என்ன செய்ய?

பள்ளிக்கூடத்துல விளையாட்டு சொல்லிக்குடுத்த பெர்க்மான்ஸ் சாரு வீட்டுக்கே வந்துட்டாரு. இதே படியில, நீங்க இருக்க இடத்துல உக்காந்து, "கிளிட்டஸ், கோலுங்கது ஒன் வீடு. வீட்டத் தொறந்து போட்டுட்டு எவனாவது தெருவுல போய் நிப்பானா"ன்னாரு. இவரு, "சார், திருடனத் தெருவுலயே பிடிச்சிட்டா அவன் வீட்டுக்குள்ள வர மாட்டாம்லா"ன்னாரு. எனக்கு உள்ள நின்னு சிரிப்பு வந்துச்சு. சாரு சிரிக்கல. "அது கெடக்கட்டும். என்னத்துக்குக் கோணிக்கிட்டு நிக்கே? நேரா நின்னு பாருல. கண்ணு ரெண்டும் முன்னாலதானே இருக்கு"ன்னாரு. அப்போ இவரு முகத்துல இருந்த சிரிப்பு அப்படியே நின்னுச்சு. அணைஞ்சு போன அடுப்புல பால் நிக்குமே, அந்த மாதிரி. சாரு பாக்கல. நான் பாத்தேன்.

திமிருங்காங்க. சினிமா காட்டுதான்ங்காங்க. பேரு வாங்கணும்னு ஆடுதான்ங்காங்க. பேரு வாங்கணும்னா ஓங்கி ஒதைக்க மாட்டாரா? அதுல எவ்வளவு கைதட்டு.

காலையில எங்க ஊருப் பயலுவளே வந்து நின்னானுவ. "இன்னைக்கு நீங்க கோட்ட விட்டு வெளிய வந்து ஒரு கோல் வாங்குனா, அண்ணன்னு பாக்க மாட்டோம்"னு. ஒருத்தன் கையில கம்பு. திருவிழாத் தோரணம் கட்டுத கம்புதான், ஆனா கையில கம்பு. "உள்ளயே நில்லுங்களேன், இன்னைக்கு ஒருநாள்"னு நானும் கேட்டுப் பாத்தேன். "உள்ள நின்னா எனக்கு என்ன தெரியும்னு ஒனக்குத் தெரியாதா"ன்னாரு.

அது... அப்படிச் சொன்னாரு.

காரணம் இருக்குக்கா. எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கு. சொல்லக் கூடாது. பிள்ளை தலையில கைய வச்சுச் சத்தியம் வாங்கியிருக்காரு. சொல்ல மாட்டேன். நான் உங்ககிட்ட சும்மா ஒண்ணு கேக்கேன், தூரத்துல வாற பந்து ஒரு மனுஷனுக்குச் சரியாத் தெரியலன்னா அவன் என்ன செய்வான்? கிட்டப் போவான். கிட்டப் போனாத் தெரியும். அது திமிரா? மேல தூக்கிப் போட்ட பந்து கீழ வரும்போது எங்க இருக்குன்னு ஒருத்தனுக்குப் பிடிபடல, ஒதைச்சா கால் காத்துல போகும். அவன் கையால எறிய மாட்டானா? அதுல என்ன சினிமா இருக்கு?

இப்படிப் பாக்காதீங்க. தெரிஞ்சிருச்சு உங்களுக்கு.

நீங்க வெளியூருதானே. உங்க மனசோட வச்சிக்கிடுங்க. எனக்கும் யார்கிட்டயாவது சொல்லலன்னா நெஞ்சு வெடிச்சிரும். எங்க அம்மைகிட்ட கூடச் சொல்லல. பாவசங்கீர்த்தனத்துல சொல்லலாம்னு முழங்கால் போட்டேன், சாமியாரும் பந்து பாக்க வாறவருதானேன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

இடது கண்ணுக்கா. போன வருஷம் ஆடிக் காத்துல. தூண்டி போட்ட இடத்துல கயிறு பாறையில மாட்டிக்கிடுச்சு, இழுத்திருக்காங்க, ஈயக்குண்டு தெறிச்சு வந்து நேராக் கண்ணுல. வீங்கிப் போய்த்தான் கரைக்கு வந்தாரு. கேட்டவங்ககிட்டயெல்லாம் கடந்தைக் குளவி கொட்டிருச்சுன்னாரு. நடுக்கடல்ல என்ன கடந்தை? ஆனா யாரும் அதை யோசிக்கல. வீக்கம் வத்திடுச்சு, நானும் சரியாப் போச்சுன்னு இருந்தேன். ஒருநாள் காலையில இவரே சாயா ஊத்துதாரு, கிளாசுக்கு வெளிய ஊத்துதாரு. தரையில ஓடுது. இவரு ஊத்திக்கிட்டே இருக்காரு. நான் பாத்துட்டேன்னு அவருக்குத் தெரியல, இடப்பக்கமா நின்னேன்லா.

அப்புறம் ரெண்டு பேருமா தூர ஊருல ஒரு கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். மாமிகிட்ட வேளாங்கண்ணிக்கு நேர்ச்சைன்னு சொல்லிட்டு. டாக்டரம்மா விளக்க அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு, உள்ள இருக்க திரை கிழிஞ்சு ரொம்ப நாளாயிருச்சேம்மா, அப்பவே வந்திருக்கக் கூடாதான்னாங்க. இனி அந்தக் கண்ணுல புகைதான். "இருக்க கண்ணப் பொன்னப் போலப் பாத்துக்கிடுங்க. ஒரு அடி படக் கூடாது. பந்து, கம்பு, கை முட்டு, எதுவும்"னாங்க. என்னையப் பாத்துத்தான் சொன்னாங்க. திரும்பி வரும்போது மாமிக்குக் காட்ட மாதா படம், மெழுகுதிரியெல்லாம் பஸ் ஸ்டாண்டுல தேடித் தேடி வாங்கினோம். மாமி இப்பவும் கேப்பாங்க, "அங்க கடலு எப்படிட்டி, நம்ம கடலு மாதிரியா"ன்னு. "அப்படித்தான் மாமி, அலை கொஞ்சம் சின்னது"ம்பேன். நான் வேளாங்கண்ணியக் கண்டதே இல்லக்கா.

வெளிய சொன்னா என்னவா? சொன்னா மறுநாளே கரையில நிக்கணும். கடலுக்குப் போற போட்டு அவரோட அக்கா மாப்பிளைக்கு உள்ளது. நல்ல மனுஷன்தான், ஆனா ஒத்தக் கண்ணனத் தூண்டித் தொழிலுக்குக் கொண்டு போக மாட்டாரு. எத்தன கொக்கி, எத்தன கயிறு. இவரு சமாளிக்காரு. எப்பவும் போட்டுல இடது ஓரமாப் போய் நின்னுக்கிடுவாரு, ஆளெல்லாம் வலப்பக்கம் வரும்படியா. மாசி மாசம் கூட இருந்த பையனுக்குக் கையில கொக்கி ஏறிருச்சு, இவரு கயிற விட்ட நேரம் அவன் கைய வச்சிருந்தது தெரியல. அது சின்னக் காயம்தான். கடல்னா காயம் இல்லாமலா.

ஆட்டத்துக்கு வரலன்னு சொல்லிருங்கன்னு சொல்லாம இருப்பேனா? சொன்னேன். "எட்டு வயசுலேருந்து கோல்ல நிக்கவன் திடீர்னு நிக்க மாட்டேன்னா ஏன்னு கேப்பாம்லா. ஏன்னு கேட்டா எங்க போய் நிக்கும்"னாரு. அது நியாயம். ஆனா அது மட்டும் இல்ல. அந்தக் கையுறைய மாட்டும்போது அவரு முகத்தப் பாக்கணும் நீங்க. அந்தா கொடியில தொங்குது பாருங்க, நான்தான் துவைச்சுக் காயப் போட்டேன். கல்யாணத்தன்னைக்குக் கூட அவருக்கு அந்த முகம் இல்ல.

கண்ணு போன பிறகு ஆட்டத்தையே மாத்திட்டாருக்கா. யாரும் சொல்லிக் குடுக்கல. இந்த வாசல்ல, நான் பந்த உருட்டி விட, அவரு பிடிக்கப் பிடிக்க, தானாக் கண்டுபிடிச்சாரு. இவ்வளவு கிட்ட வந்தாத் தெரியுது, இவ்வளவு கழுத்தச் சாய்ச்சாத் தெரியுதுன்னு. நான் உருட்டுன பந்துலதான் எங்க ஊரு இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கு. சிரிக்காதீங்க. நிசமாத்தான். இடப்பக்கம் நிக்க ஆன்சல் பயகிட்ட, "யாரு வந்தாலும் எனக்குச் சத்தம் குடுத்துக்கிட்டே இருல"ன்னு பழக்கி வச்சிருக்காரு. அவனும் 'அண்ணா, அண்ணா'ன்னு கத்திக்கிட்டே இருப்பான். ஏன்னு அவனுக்கே தெரியாது. இடப்பக்கம் ஆன்சல் சத்தம் நின்னுச்சுன்னா இவருக்கு அங்க இருட்டு. அந்தப் பக்கமா ஒருத்தன் சத்தமில்லாம வந்தா அவ்வளவுதான்.

எம் மகளும் இப்போ கழுத்தச் சாய்ச்சுத்தான் பாக்கா. ஐயோ இவளுக்கும் கண்ணு போச்சான்னு பயந்துட்டேன். ஒரு கண்ணப் பொத்தி, அது என்ன, இது என்னன்னு கேட்டுப் பாத்தேன், எல்லாம் சரியாச் சொல்லுதா. அப்பாவப் பாத்துப் பழகியிருக்கா.

கல்லுக்கு நான் பயப்படலக்கா. ஓடு மாத்திக்கிடலாம். தோத்தா ஏசுவாங்க, அதையும் கேட்டுக்கிடலாம், கேட்டுப் பழகின காதுதான். எனக்கு ஒரே பயம்தான். அந்த வலது கண்ணு. வடக்குமுனையில டார்வின்னு ஒருத்தன் முன்னால ஆடுதானாம். முட்டியத் தூக்கிக்கிட்டுத்தான் பாய்வானாம். போன வருஷம் ஒரு கோலிக்குத் தாடையப் பேத்துட்டான். இவரு காலடியில போய் விழுறவரு, அவன் முட்டியத் தூக்குறவன். ராத்திரியெல்லாம் எனக்கு அந்த முட்டிதான் தெரியுது, ஆள் தெரியல, முட்டி மட்டும் வருது. அது இந்தக் கண்ணுல பட்டா அவருக்குக் கடலும் இல்ல, வீடும் இல்ல, எம் மக முகமும் இல்ல. கைய நீட்டி நீட்டித் தடவிக்கிட்டு இந்த வாசல்ல உக்காந்திருப்பாரு. அந்த டார்வினுக்கும் அம்மா, அக்கான்னு யாரும் இருப்பாங்கல்லா? முட்டியக் கீழ போடுலன்னு ஒருத்தி சொல்லிக்குடுக்க மாட்டாளா?

என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிட்டு? வெயில்தான். இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க.

போன் அடிக்குது பாருங்க. தம்பியா? பேசுங்க, பேசுங்க. இங்க நின்னா கேக்காது, அந்த முருங்கை மரத்தடிக்குப் போங்க, அங்கதான் கிடைக்கும். பையன் இங்க இருக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்.

...வந்துட்டீங்களா. நல்ல அக்கா நீங்க. சாப்பிட்டியால, தண்ணி குடிச்சியாலன்னு கேட்டீங்க, காதுல விழுந்துச்சு. எந் தம்பியும் எனக்கு அப்படித்தான். பாத்துக்க, இடப்பக்கம், இடப்பக்கம்னு சொன்னீங்க, வழியா சொன்னீங்க? எங்க ஊருக்கு இடப்பக்கம் இல்லக்கா. ஓடைப் பாலத்துலேருந்து வலப்பக்கம் திரும்பணும். இடப்பக்கம் திரும்பினா வடக்குமுனைக்குல்லா போயிருவாரு.

மைக் கட்டிட்டாங்க. கேக்குதா, ஊதிப் பாக்குதாரு அல்போன்ஸ் அண்ணன். பேரு வாசிக்காரு. முதல்ல அவங்க பேரு. "மஞ்சள் சீருடையில் களமிறங்கும் வடக்குமுனை அணி..." மஞ்சளா அவங்க? நான் பாத்ததில்ல. "முன்கள வீரர் டார்வின்..."

என்னடா துள்ளுத? யாரு?

என்ன சொன்னான் அவன்? மாமாவா?

மாமா பேரா.

...

எந்திரிக்காதீங்க. உக்காருங்க. நாகர்கோவில்னு நானாத்தான் நினைச்சிக்கிட்டேன், நீங்க சொல்லல. சட்டைய அப்பவே பாத்தேன். அழகா இருக்குன்னு வேற சொன்னேன்.

நீங்க வழி சொல்லல, என்ன?

எனக்குக் கோவம் இல்லக்கா. நானா இருந்தாலும் எந் தம்பிக்குச் சொல்லியிருப்பேன். பஸ்ஸ விட்டு இறங்கி வந்தீங்க, வெயில்ல நின்னீங்க, நான்தான் கூப்பிட்டேன், நான்தான் பேசினேன். பேசாதவ பேசினா இப்படித்தான். பிள்ளை தலையில கை வச்ச சத்தியம்.

ஒண்ணு மட்டும் கேக்கேன். உங்க காலப் பிடிக்கணும்னா பிடிக்கேன், கை நாத்தம்னு பாக்காதீங்க. இன்னொரு தடவை போன் போடுங்க. இடப்பக்கம்னு சொன்னீங்கல்லா, அது சரிதான், இடப்பக்கமே வரட்டும். நானே சொல்லுதேன், இடப்பக்கம் ஆன்சல் பய மூச்சு வாங்கும்போது சத்தம் நிக்கும், அப்போ வரச் சொல்லுங்க. கோல் போடட்டும். எத்தனை வேணும்னாலும் போடட்டும். சப்பரத்த நீங்களே தூக்கிக்கிடுங்க, மெழுகுதிரி பிடிச்சு எங்களுக்குப் பழக்கம்தான். ஊரு என்னையக் கொன்னுரும், கொல்லட்டும். ஆனா தரையோட அடிக்கச் சொல்லுங்க. உருட்டி விடச் சொல்லுங்கக்கா, நான் உருட்டுத மாதிரி. இவரு விழுந்தாருன்னா தாண்டிப் போகச் சொல்லுங்க. அந்த முட்டிய மட்டும், அத மட்டும் கீழ போடச் சொல்லுங்க. அக்கா சொன்னாக் கேப்பாம்லா? சாப்பிட்டியான்னு கேக்குற அக்கா சொன்னா, கேக்க மாட்டானா? நீங்களும் பிள்ளை வச்சிருக்கீங்க. அவன் உங்க முகத்தப் பாத்துத்தானே சிரிக்கான்.

அழாதீங்க. போன எடுங்க. எடுங்கக்கா, மரத்தடிக்குப் போங்க...

இருங்க. அசையாதீங்க.

அவருதான். சைக்கிள் மணி. கையுறைய விட்டுட்டுப் போயிட்டாரு, எடுக்க வாராரு. கூப்பிடுதாரு, கேக்குதா, "ரெஜிலா, ஏ ரெஜிலா"ன்னு. அப்படியே சுவரோட ஒட்டி இருங்க, பையன மடியில இழுத்துக்கிடுங்க. நீங்க இருக்கது அவருக்கு இடப்பக்கம், சத்தம் காட்டலன்னா உங்களத் தெரியாது. நான் உள்ள கூட்டிட்டுப் போன உடனே எந்திரிச்சுப் போய் போன் பேசிருங்க. தெரியுதா? நான் சொன்னேன்னு மட்டும் அவருக்கு என்னைக்கும் தெரியக் கூடாது, தெரிஞ்சா அவரு... வாரேங்க, இந்தா வந்துட்டேன், கொடியிலதான் கெடக்கு, யாருகிட்டயும் பேசல, பூனைகிட்டதான் பேசிக்கிட்டு இருந்தேன், நீங்க படியப் பாத்து ஏறுங்க, இல்ல, அந்தப் பக்கம் வேண்டாம், வலப்பக்கமா, வலப்பக்கமா வந்து...